பதினேழாம் நம்பர் சீசா

என் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவிய மனிதருக்கு மூத்திரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நானோ மூத்திரப்பையில் வரும் புற்றுநோயை ஆராயப் புறப்பட்டவள். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்தோம். எனக்குத் தெரியவில்லை. இதை மூடி வைத்துக் கடைசியில் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த மனிதர் விஷயத்தில் மூடி வைத்ததெல்லாம் போதும். காலத்தோடு தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்தக் காலத்தை யார் யார் பாழாக்கினார்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னையும் விடப்போவதில்லை.

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி வைத்து நடத்தினார்கள். அங்கே பேதாலஜிஸ்ட் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையையோ நீரையோ கண்ணாடிச் சில்லில் ஏற்றி, சாயம் பிடிக்கவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது அந்த வேலை. நான் திருச்சிப் பக்கம். ஓசூர் கடைத்தெருவில் ஒரே ஆள் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு போவதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். மைசூர் ராஜ்யம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெங்களூருக்குப் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது.

முதல் நாளே தலைமை டாக்டர் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பிரசவ வார்டுக்கு லேடி டாக்டர் இல்லாம நாங்க தவிச்சுக்கிட்டு இருக்கோம். நீ என்னடான்னா ப்ராஸ்டேட்டு, மூத்திரப்பைன்னு எழுதியிருக்கே. ஆம்பளைங்க சமாச்சாரம் உனக்கு எதுக்கு?"

"மூத்திரப்பை எனக்கும்தான் இருக்கு சார்" என்றேன்.

அவர் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே எனக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. வாய் இருந்தும் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் போனேனே என்றுதான் வருத்தம்.

ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்தடியில் இருக்கும் சுரப்பி. வயதானால் வீங்கி நீரை அடைக்கும். தலைமை டாக்டர்தான் சர்ஜனும். அவர் கை சுத்தமான கை, அதை மறுக்கமாட்டேன். வெட்டி எடுத்த சுரப்பியைக் கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு எனக்கு அனுப்புவார். பல இடங்களில் ஒரு துண்டு மட்டும் பார்த்துவிட்டு 'சாதாரண வீக்கம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். நான் முழுச் சுரப்பியையும் மெல்லிசாகச் சீவிப் பார்த்தேன். சாதாரணம் என்று நினைத்ததற்குள் ஓர் ஓரத்தில் புற்று ஒளிந்திருப்பதைப் பலமுறை அப்படிக் கண்டேன். தலைமை டாக்டருக்கு அதில் ஏக சந்தோஷம். மெட்ராஸில் டாக்டர்கள் கூடும் கூட்டத்துக்கு என் படங்களைத் தன் பையில் எடுத்துப் போனார். என் பெயரை அங்கே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருக்கமாட்டார் என்று தெரிந்த பிறகு கேட்பானேன்.

இனி சீசா கழுவிய மனிதர். அட்டெண்டர். ஐம்பது வயதிருக்கும். உத்தனப்பள்ளிக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமம். விடியும்போதே முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். சீசா கழுவுவது, சில்லுகளைத் துடைப்பது, கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜைச் சுற்றுவது எல்லாம் அவர் வேலை. மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அந்த யந்திரத்தில் மாட்டிச் சுற்றினால் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். அந்த வண்டலைத்தான் நான் சில்லில் தடவிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை 'ஏய்' என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் 'அண்ணா' என்றேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அந்த அண்ணனுக்கு உடம்புக்கு என்ன என்று ஒரு நாள் கேட்டேனா? இல்லை. அவரிடம் வேலை வாங்கினேன்.

அவர் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சி நகர்ந்திருக்காது. காரணம், அந்த ஊரின் ஒரு வார்த்தை. சூடு.

மூத்திரம் எரிந்தால் சூடு. சொட்டுச் சொட்டாய்ப் போனால் சூடு. சிவப்பாகப் போனால் சூடு அதிகம். தமிழ் ஆள் "சூடு புடிச்சிக்கிச்சுங்க" என்பார். கன்னட ஆள் "உஷ்ணா ஆகிதே" என்பார். தெலுங்கு ஆள் "வேடி சேசிந்தி" என்பார். எதற்கெடுத்தாலும் மூன்று பாஷைக்காரர்களும் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஊரில் இந்த ஒன்றில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. கம்பவுண்டர் இந்த மூன்றையும் வாங்கி, சீட்டில் இங்கிலீஷில் 'ஹீட்' என்று எழுதிவிடுவார். பார்லி கஞ்சி, நன்னாரித் தண்ணீர், தொப்புளில் விளக்கெண்ணெய். ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். ரத்தம் தானாகக் கொஞ்ச நாள் நிற்கும். மூத்திரப்பைப் புற்றின் குணமே அதுதான், விட்டு விட்டு வரும். நின்றதும் சூடு தணிந்துவிட்டது என்று நம்புவான். திரும்பி வரும்போது தலைமை டாக்டரின் கத்திக்குக்கூட வேலை இருக்காது.

பழைய சீட்டுகளை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஹீட், ஹீட், ஹீட்.

"சூடுன்னா என்னன்னு கேட்டு எழுதக்கூடாதா? எரிச்சலா, ரத்தமா, அடைப்பா?" என்று கம்பவுண்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"அவுங்க சொல்றதத்தானம்மா எழுத முடியும். நீங்க வேணா கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். ஒரு பெண்பிள்ளை முன்னால் நின்று 'மூத்திரத்தில் ரத்தம் போகிறது' என்று சொல்ல அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைக்கு நாக்கு எழவில்லை. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஒருவர் எழுந்து போயே விட்டார். அப்போதுதான் அட்டெண்டர் வாய் திறந்தார்.

"டாக்டரம்மா, நீங்க உள்ள இருங்க. நான் கேக்கறேன்."

வெளியே புளியமரத்தடியில் அந்த ஆட்களோடு உட்கார்ந்தார். மாடு, மழை, கேழ்வரகு எல்லாம் பேசினார். பேச்சோடு பேச்சாக, அவரவர் பாஷையில், ஒரே ஒரு கேள்வி.

"ஆமா, உன் வேட்டியை யாரு துவைக்கறது?"

"ஊட்டுலதான், வேற யாரு" என்று சிரித்தால் பயம் இல்லை. "நானே துவைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தால், அந்த ஆளின் சீசாவை உள்ளே கொண்டுவந்து தனியாக வைப்பார். கறையைப் பெண்டாட்டி பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஒருவன் தன் வேட்டியைத் தானே துவைக்கிறான். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத கேள்வி இது. அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். கெட்டிக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கையில் ஒரே வருஷத்தில் இரண்டு பேரின் மூத்திரப்பைக் கட்டிகள் ஃபார்மலினில் எனக்கு வந்தன. இரண்டும் புற்று. இரண்டு ஆட்களும் ராயக்கோட்டை சாலையில் இருந்த ஒரே சாயப்பட்டறையில் வேலை செய்தவர்கள். நூலுக்கும், மாட்டுக் கழுத்துக் கயிற்றுக்கும் அங்கே சாயம் போடுவார்கள். பெங்களூரிலிருந்து தகர டப்பாக்களில் சாயத்தூள் வரும். கையால் அள்ளிக் கொதிக்கும் தொட்டியில் கொட்டிக் கழியால் கிண்டுவார்கள். வெளிநாட்டுச் சாயத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு மூத்திரப்பையில் புற்று வருகிறது என்று நான் படித்திருந்தேன்.

பட்டறைக்காரர்கள் அத்தனை பேரின் மூத்திரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றேன். அட்டெண்டர் மறுபேச்சுப் பேசவில்லை. நம்பர் ஒட்டிய சீசாக்களைக் கூடையில் எடுத்துப் போய், இரண்டு மூன்று நாளாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். பேர் எழுதினால் தரமாட்டார்கள், நம்பர் மட்டும் போதும், எந்த நம்பர் யார் என்பது தனக்கு மனப்பாடம் என்றார். பட்டறை ஆட்களிடம் அவ்வளவு உரிமையாகப் பேச இவருக்கு எப்படி முடிகிறது என்றும் நான் கேட்கவில்லை.

பதினேழு சீசாக்கள். அவர் சுற்றினார், நான் பார்த்தேன். பதினாறு வரை பயப்பட ஒன்றும் இல்லை. பதினேழாவதைக் கண்ணுக்குக் கொண்டுவந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உப்பிக் கறுத்த கருக்கள், கோணல் மாணலான ஓரங்கள், கொத்துக் கொத்தாக உதிர்ந்த செல்கள். சந்தேகத்துக்கே இடம் இல்லை.

"யாரு இந்தப் பதினேழு? அண்ணா, இந்த ஆளை உடனே கூட்டிட்டு வாங்க. விட்டா செத்துப்போயிடுவான்."

அவர் யந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"அவரு ஊர்ல இல்லீங்க. கயிறு விக்கக் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருக்காருங்க."

"அப்ப சந்தைக்குப் போங்க."

போனார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி, குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு, அந்த மாட்டுக் கூட்டத்துக்குள்ளே, என் பேச்சைக் கேட்டுத் தன்னைத் தானே தேடிக்கொண்டு போனார். சாயந்திரம் திரும்பி வந்து, "ஆளு அம்புடலீங்க" என்றார். மறுவாரமும் அனுப்பினேன். மறுவாரமும் அதே பதில். மூன்றாம் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பில்லையா? அங்க ஒருத்தன் உயிரு போயிட்டு இருக்கு, நீங்க ஆடி அசைஞ்சு வந்து அம்புடலீங்கறீங்க. உங்க ஊட்டு ஆளா இருந்தா இப்படி இருப்பீங்களா?"

இந்த வாயால்தான் கேட்டேன். அவர் கழுவி முடித்த சீசாக்களை எடுத்து மறுபடியும் கழுவினார்.

தலைமை டாக்டரிடம் போனேன். இரண்டு கட்டிகள், பதினேழாம் நம்பர், சாயத்தூள் எல்லாவற்றையும் எழுதி மேஜைமேல் வைத்தேன். படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உன் மைக்ராஸ்கோப்பு அடியில ஒரு பித்தளைத் தகடு இருக்கே, படிச்சியா?"

படித்திருக்கிறேன். அன்பளிப்புச் செய்தவர் பெயர். அவர் கமிட்டியில் இருந்தார். சாயப்பட்டறையும் அவருடையதுதான்.

"அவர் குடுத்த கண்ணாடியிலயே பார்த்து அவர் தலையிலயே கை வைக்கறியா? சாயம்னு ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. பட்டறைப் பக்கம் போகக்கூடாது. ப்ராஸ்டேட்டை எழுது. நல்லா வருது உனக்கு."

நல்லா வராமல் என்ன? ப்ராஸ்டேட்டுக்கு முதலாளி கிடையாதே. கிழவனாகிற எவனுக்கும் வீங்கும், யார்மேலும் பழி இல்லை. மூத்திரப்பைக்குத்தான் முதலாளி இருந்தார். இந்த வித்தியாசத்தில்தான் என் பிற்கால ஆராய்ச்சி முழுவதும் ஓடியது. ப்ராஸ்டேட் பற்றி நான் எழுதியவை அச்சில் வந்தன, சால்வை போட்டார்கள். சாயப்பட்டறை அறிக்கை டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

அன்று அந்த அறையில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சண்டை போட்டேன், கத்தினேன், கதவை அறைந்து சாத்தினேன். பிறகு அடங்கிப்போனேன். வேலை போய்விடும் என்ற பயம். ப்ராஸ்டேட் கட்டுரை பாதியில் நின்றது என்ற சாக்கு. தை மாதம் வந்த சீசா அது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று போய்க்கொண்டே இருந்தது. அவ்வப்போது, "பதினேழு வந்தாரா?" என்று கேட்பேன். "இல்லீங்க" என்பார். சுரப்பியைச் சீவிக்கொண்டே கேட்பேன், தலையை நிமிர்த்தாமல்.

ஆனி மாதத்தில் ஒரு காலை அந்தப் பதினேழாம் நம்பர் கண்ணாடிச் சில்லு தற்செயலாகக் கையில் அகப்பட்டது. மறுபடி வைத்துப் பார்த்தேன். என் மேலேயே அருவருப்பு வந்தது. தலைமை டாக்டராவது மண்ணாங்கட்டியாவது என்று குடையை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டை சாலையில் பட்டறைக்குப் போய்விட்டேன்.

முதலாளி ஊரில் இல்லை. ஆண்பிள்ளைகள் என்னைக் கண்டதும் தொட்டிகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். நூல் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்தான் எழுந்து வந்தாள். முழங்கை வரை நீலம்.

"பதினேழாம் நம்பர் சீசா யாரோடதும்மா? அவரைப் பார்க்கணும்."

"பதினேழா?" அவள் விரல் விட்டு எண்ணினாள். "இங்க ஆம்பளைங்க பதினெட்டு பேருங்க. ரெண்டு பேரு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. பதினாறு சீசாதான் போச்சு. கூடையில நான்தான எடுத்து வெச்சேன்."

"பதினேழு வந்துச்சே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அப்ப அது உங்காளோடதா இருக்கும். இருவது வருசம் இந்தச் செவப்புத் தொட்டியக் கிண்டுனவரு அவருதாங்க. கையெல்லாம் புண்ணாப் போயி கிண்ட முடியலன்னதும் மொதலாளிதான் ஆசுபத்திரி வேலைல சேத்துவுட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நாலு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்திருந்தோம்.

திரும்பி நடந்தது நினைவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் அவர் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். கொடியில் வெள்ளை வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தினமும் அங்கே காயும் வேட்டி. அதைக் காட்டி, "எங்க அண்ணாவைப் பாருங்க, என்ன சுத்தம்" என்று நர்சுகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

"அண்ணா, உங்க வேட்டியை யாரு துவைக்கறது?"

வாளியைக் கீழே வைத்தார். கயிற்றைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்.

"நானேதாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் ஆவுதுங்க. வரும், நின்னுக்கும். நின்னா, சூடு தணிஞ்சிடுச்சுன்னு இருந்துடுவேங்க."

"சூடா? இத்தனை பேரைக் கேட்டுக் கேட்டு எழுத வெச்ச நீங்களா சூடுன்னு சொல்றீங்க? அப்புறம் அந்தச் சீசாவை எதுக்கு வெச்சீங்க?"

"நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா மனசு ஆறிடும்னு வெச்சேங்க. நீங்க நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சீங்க. செத்துப்போயிடுவான்னீங்க. அதுக்கப்புறம் எப்பிடிங்க சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றும் கோபப்படவில்லை.

"எல்லாரையும் கேக்கச் சொன்னீங்க, கேட்டேங்க. என்னையத்தான் யாரும் கேக்கல."

மறுநாளே பெங்களூருக்குக் கூட்டிப்போக வேண்டும். வேறு ராஜ்யத்து ஆஸ்பத்திரி என்பதால் தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் தேவைப்பட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் தொழில்: இருபது வருஷம் சாயத் தொழிலாளி. தலைமை டாக்டர் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, 'ஆஸ்பத்திரி அட்டெண்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பொய் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

பொய் இல்லைதான். அந்தக் காகிதத்தை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் அது இல்லாமல் பெங்களூரில் சேர்க்கமாட்டார்கள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அட்டெண்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லை தாண்டும்போது, "இங்கிருந்துதாங்க சாய டப்பா வரும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

பெங்களூர் சர்ஜன் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். கட்டி மூத்திரப்பைச் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. வெளியே வந்து என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், ஆறு மாசத்துக்கு முன்னால் எங்கே இருந்தார் இந்த ஆள் என்று. என் பக்கத்தில் இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரத்தப்போக்கை நிறுத்த முடிந்தவரை சுரண்டி எடுத்து அனுப்பினார்கள். ஓசூருக்கு வந்தவர் வேலைக்கு வருவேன் என்று அடம்பிடித்து ஒரு மாதம் வந்தார். சீசா கழுவினார். யந்திரத்தை நான் சுற்றிக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தில் ஒருநாள், "பதினேழாம் நம்பர்னே இருக்கட்டுங்க, பேரு எழுதாதீங்க, ஊட்டுல தெரிஞ்சா பயந்துக்குவாங்க" என்றார். சரி என்றேன். இப்போதும் எழுதவில்லை.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். செய்தி தெரிந்து நான் அவர் ஊருக்குப் போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஊர் மணியக்காரர் சாவுக் கணக்கு எழுதும் நோட்டை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். எட்டிப் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் 'சூடு' என்று எழுதியிருந்தது.

"இது தப்பு. புற்றுநோய். மூத்திரப்பையில. சாயத்தூளால வந்தது. அடிச்சுட்டு எழுதுங்க" என்றேன்.

"ஊட்டுக்காரம்மா சொன்னதத்தாங்க எழுதியிருக்கேன். எழுதுனத அடிக்கக் கூடாதுங்க" என்றார். கம்பவுண்டர் சொன்ன அதே பதில்.

அட்டெண்டரின் மனைவி வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாள்.

"சூடுன்னுதானம்மா எங்கிட்ட சொன்னாரு. ரெண்டு வருசமா நான் மோர் கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். அது சூடு இல்லீங்களா?"

அவர் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது, ஊட்டுல பயந்துக்குவாங்க என்றது. ஆனால் எனக்குச் சூடு என்ற வார்த்தையை இன்னொரு தடவை வாயால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புத் தொட்டி, பதினேழாம் சீசா, சந்தைக்கு நான் அனுப்பியது, அவர் போனது, கிணற்றடியில் காய்ந்த வேட்டி. ஏன் ஒருவன் தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொள்கிறான் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. வெகுநேரம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என் தம்பி அங்கதாங்க இருக்கான். இவரு விட்ட தொட்டியத்தான் அவன் கிண்டறான். சீசா குடுக்க மாட்டேன்னு சொன்ன ரெண்டு பேருல அவன் ஒருத்தன்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க, பொண்டாட்டி பிரசவத்துக்குத் தாயூட்டுக்குப் போயிருக்கா. ஆறு மாசமா இங்கதான் சாப்பாடு, துணிமணி எல்லாம்."

நான் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்க வேண்டிய கேள்வி அவளுக்கே வந்துவிட்டது. விரலில் சுற்றிய முந்தானையை விட்டாள்.

"சட்டைய மட்டுந்தாங்க துவைக்கப் போடறான்" என்றாள்.